ஒரே ஆள் ஓட்டுற மெஷின்

என் வீட்டுப் பட்டறைக்கு இழைப்பு மெஷின் பார்க்க ஆலங்காயம் போயிருந்தேன். கடைக்காரர் பலாப் பலகையை உள்ளே விட்டுக் காட்டினார். மஞ்சள் மரச்சுருளின் வாசனை எழுந்ததுமே எனக்கு வயிறு எரிந்தது.

சின்ன வயதில் அப்பா பெரிய இழைப்புளியைத் தள்ளுவார். அதில் கட்டிய கயிற்றை எதிரே நின்று அண்ணன் இழுப்பான். இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு, ஒரே சிரிப்பு.

"நானும் இழுக்கறேம்ப்பா."

"பொட்டப்புள்ளக்கி இன்னாத்துக்கு? சுருள வாரி அடுப்புல போடு."

அடுப்புப் புகையில் அழுதால் ஏனென்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கூட வந்திருந்த அண்ணன் பெரிய மெஷினைத் தட்டினான். "இத எடு. நீ தள்ளு, அந்தப் பக்கம் பலகைய நான் புடிச்சிக்கிறேன்."

"ஒரே ஆள் ஓட்டுற சின்னது போதுங்க," என்றேன் கடைக்காரரிடம். பிறகு அண்ணனிடம் சொன்னேன்: "நீ வேணும்னா சுருள் வார வாண்ணா."