வாட்டர் டேங்க் கிளீனிங் பெங்களூரு என்கிற ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டாராம்... காலையில் பழைய ஆபீஸ் குரூப்பில் மெசேஜ். ஹார்ட் அட்டாக்.

மூன்று மணிக்கு விவேக் நகர் சர்ச்சில் பூசை. நான் அத்திபெலேயிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். அதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

எங்கள் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பேக்கரிக்கு மேலே சின்ன ஆபீஸ். நாள் முழுக்க ஊரில் உள்ளவர்கள் இணையத்தில் எழுதும் பிளாக்குகளில் போய் கமெண்ட் போட வேண்டும்.

பெயர் கேட்கும் இடத்தில் கஸ்டமரின் தொழில், வெப்சைட் கேட்கும் இடத்தில் அவருடைய லிங்க். இப்படி நாலு இடத்தில் லிங்க் கிடந்தால், யாராவது தேடும்போது அவர் சைட் மேலே வருமாம்.

அக்காவின் கஸ்டமர் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற ஒரு கம்பெனி. அதனால் இணையத்தில் அக்காவின் பெயர் "வாட்டர் டேங்க் கிளீனிங் பெங்களூரு."

நாங்கள் எல்லோரும் "நைஸ் போஸ்ட், வெரி இன்ஃபர்மேட்டிவ்" என்று காப்பி பேஸ்ட் செய்துகொண்டே போவோம். ஒரு நாளைக்கு ஐம்பது. அக்கா மட்டும் உட்கார்ந்து முழுசாகப் படிப்பார்... பதினைந்தைத் தாண்டமாட்டார்.

"ஸ்டெல்லா மேடம், ஸ்வல்ப பேகா மாடி" என்று, கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொல்லி மேனேஜர் கன்னடத்தில் கெஞ்சுவார்.

"ஆய்த்து சார், ஆய்த்து. இந்தம்மா ரசத்துல பெருங்காயமே போடல, அத்த மட்டும் சொல்லிட்டு வரேன்."

தொட்டி கழுவுகிற கம்பெனி ரசத்துக்கு யோசனை சொல்லும். அந்த அம்மாவும் "டியர் வாட்டர் டேங்க், நாளைக்கே போட்டுப் பார்க்கிறேன்" என்று பதில் எழுதுவார்!

ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்றார். "குமாரு, இது இன்னான்னு படிச்சியா? அந்தாளோட அப்பா செத்துட்டாரு பா. அதுக்குப் போயி கீப் இட் அப்னு போட்டிருக்க."

அக்காதான் அதற்குக் கீழே மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினார். டேங்க் கிளீனிங் பெயரில்தான்... ஆனால் அந்த மனிதர் நன்றி சொல்லி எழுதினார்.

அந்தச் சமயத்தில் நானும் ஒரு பிளாக் வைத்திருந்தேன். தமிழில். அத்திபெலே பஸ், அப்பாவின் பஞ்சர் கடை, அவருடைய முதுகுவலி... இப்படி என் வாழ்க்கை.

லிங்க்கோடு வரும் எந்தக் கமெண்டும் உள்ளே நுழையக் கூடாது என்று முதல் நாளே பூட்டுப் போட்டுவிட்டேன். கமெண்ட் போடுகிறவன் பிழைப்பு எனக்குத் தெரியாதா?

ஆபீஸில் எல்லோருக்கும் பிளாக் முகவரி கொடுத்தேன். ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. தினமும் பத்து தடவை திறந்து பார்ப்பேன்... ஜீரோ கமெண்ட்.

ஒருநாள் மத்தியானம் அக்காவிடம் எரிந்து விழுந்தேன். "ஊர்ல இருக்கிறவன் ரசத்தையெல்லாம் படிக்கிறீங்க. நான் எழுதுறத மட்டும் படிக்க மாட்டீங்களா?"

"படிச்சேனே பா. கமெண்ட் கூட போட்டேன். நீதான் ஒண்ணுத்துக்கும் பதிலே சொல்லல."

அக்கா கன்னட மீடியத்தில் படித்தவர். வீட்டில் தமிழ்தான், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. பஸ் போர்டைக்கூடக் கன்னடத்தில்தான் படிப்பார்.

"உங்களுக்குத் தமிழே படிக்க வராதேக்கா... எதுக்குச் சும்மா பொய் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். எல்லோர் முன்னாலும்.

ஏதோ சொல்ல வாய் திறந்தார். பக்கத்து டேபிளில் மேனேஜர், யார் இவ்வளவு பிரிண்ட் எடுக்கிறார்கள் என்று பேப்பர் கட்டை வைத்துக்கொண்டு விசாரித்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தக் கட்டைப் பார்த்துவிட்டுத் தன் சீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வழக்கம்போல டப்பாவைத் திறந்து மீன் வறுவலை நீட்டினார். பிளாக் பேச்சை மட்டும் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நானும் எழுதுவதை விட்டேன்... அடுத்த வருஷம் வேலையையும் விட்டேன்.

இன்று காலை, ஏனோ அந்த பிளாக்கைத் திறந்தேன். தடுத்த கமெண்டெல்லாம் போய் விழ ஸ்பேம் என்று ஒரு பெட்டி இருக்கும். அதை நான் திறந்ததே இல்லை. அதற்குள் என்ன கிடக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்?

நான் எழுதியது மொத்தம் பதினொரு போஸ்ட். பெட்டியில் பதினொரு கமெண்ட்... எல்லாம் "வாட்டர் டேங்க் கிளீனிங் பெங்களூரு."

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெயரும் லிங்க்கும் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். லிங்க் இருந்தால் என் பிளாக் உள்ளே விடாது என்று அக்காவுக்குத் தெரியாது போல. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், ஒவ்வொன்றின் கடைசியிலும் "நான்தான் பா, ஸ்டெல்லா."

முதலாவதில் இப்படி இருக்கிறது: "ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்தேன், சார்கிட்ட சொல்லாத. வீட்டுக்காரருக்குத் தமிழ் எழுத்து வரும், அவர்தான் படிச்சிக் காட்டினாரு. ரெண்டு பேரும் சிரிச்சி சிரிச்சி..."

பஞ்சர் கடை போஸ்டுக்கு: "அப்பாவுக்கு முதுகு வலியா? சர்ச்ல மந்திரிச்ச எண்ணெய் கொண்டு வரேன்."

கொண்டுவந்தார். ஒருநாள் என் டேபிளில் சின்ன பாட்டில், "அப்பாவுக்குத் தேச்சி விடு" என்றார். சாப்பிடும்போது நான்தான் ஏதோ உளறியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

பொய் சொன்னது அவர் இல்லை. எல்லோர் முன்னாலும் அவரைப் பொய்க்காரி ஆக்கினேன், அவர் எனக்கு மீன் வறுவல் கொடுத்தார்... இப்போது யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

பதினொன்றையும் வெளியே எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாக, "ஸ்பேம் அல்ல" என்று அழுத்தி.

கடைசிக் கமெண்ட் நான் எரிந்து விழுந்ததற்கு அப்புறம் வந்தது, ஒரே வரி: "வீட்டுக்காரரு தினம் கேக்குறாரு, அடுத்தது எப்போ பா எழுதுவ?"

இன்றைக்கு அந்த பிளாக்கிலும் இதைப் போடுகிறேன். ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிறேன், உங்கள் வீட்டுக்காரர் அண்ணனிடம் கொடுக்க.

அடுத்தது இதுதான், அக்கா. போய்ட்டு வாங்க...