எரித்தால் இரண்டு புள்ளி

படிக்க வந்த இந்த வெளிநாட்டு நகரில், பென்ரோஸ் என்னும் பேட்டையில் நான் பகுதிநேரமாகப் பெட்டி அடுக்கும் கிடங்கில், போன மாதம் ஒரு தெர்மாகோல் துண்டு கை தவறி விழுந்து உடைந்தது. உடைந்த விளிம்பு அப்படியே மலைமுகடு! அந்தக் கணத்தில்தான் தோன்றியது: இந்தியாவின் வடமேற்கு எல்லையில், கிளர்ந்தெழுந்த மலைப் பழங்குடிகள் மேல் வெள்ளைக்காரர்கள் நடத்திய படையெடுப்பை மேசைமேல் ஒரு விளையாட்டாகச் செய்துவிடலாமே.

அதைப் பற்றிப் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் ஏற்கெனவே விழுங்கியிருந்தேன். கணவாய்கள், பீரங்கி சுமக்கும் கோவேறு கழுதைகள், படையோடு போன நம் ஊர்ச் சிப்பாய்கள். ஒரே வாரத்தில் மலை எழுந்தது. விதிகளும் எழுதிவிட்டேன். காவல்கோபுரத்தைத் தகர்த்தால் ஒரு புள்ளி. தானியத்தோடு கிராமத்தை எரித்தால் இரண்டு.

முதல் ஆட்டத்துக்கு வகுப்புத் தோழனைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரன், போரில் இடம்பெயர்ந்து வந்து பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் அண்ணன் வீட்டில் இருக்கிறான். இந்த ஊரில் எனக்கு நண்பன் என்றால் அவன்தான்.

"நான் ஆர்?" என்றான்.

"நீ மலைக்காரன். நான் வெள்ளைக்காரத் துரை."

"ஓமோம், உந்த மூஞ்சிக்கு அது நல்லாப் பொருந்தும்."

சிரித்துக்கொண்டேதான் ஆடினோம். ஒரு கிராமத்தின் மேல் சிவப்புக் காகிதத் தீயை வைத்து, "எரிஞ்சிடுச்சு! எனக்கு ரெண்டு!" என்று கத்தினேன். அவன் ஒரு குடிசையைத் தூக்கி அடியில் பார்த்தான்.

"சனம் எங்கையடா?"

"எல்லாரும் முகட்டுல துப்பாக்கியோட இருக்காங்களே."

"அவங்களைக் கேக்கேல்ல. பொம்பிளையள், சின்னப் பிள்ளையள், ஆடு மாடு? ஷெல்லடிக்க நாங்கள் வெளிக்கிடேக்க, அம்மா அரிசி மூட்டையை விட்டிட்டுத்தான் வந்தவ. அதுக்கு ஆருக்கு எத்தினை புள்ளி?"

அவர்கள் வீடு எரிந்த கதையை அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்ட நானேதான் இந்த விதியையும் எழுதினேன். அப்போதும் வாயை மூடாமல், "இது வெறும் கேம்தானேடா" என்றேன். "வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனான். இப்போது வகுப்பில் வேறு வரிசையில் உட்காருகிறான்.

பிரதியெடுத்து வைத்திருந்த பக்கங்களை மறுபடி புரட்டினேன். எரிந்த கிராமங்களையெல்லாம் மஞ்சள் மையால் குறித்து வைத்திருக்கிறேன். அங்கே இருந்தவர்கள் அந்த மலைக் குளிரில் எங்கே போனார்கள் என்று ஒரு வரிகூடத் தேடவில்லை.

தேட வேண்டும். அதற்கு முன், சனிக்கிழமை பஸ் பிடித்து அவன் அண்ணன் வீட்டுக்குப் போகப் போகிறேன். கதவைத் திறந்தானென்றால், எந்த விளக்கமும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டுப் பார்க்க வேண்டும்.