ரூத் ஓடிப்போகவில்லை

டைரக்டர் சார், நீங்கள் மேடையில் பொய் சொன்னீர்கள்.

நம் ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையத்தின் வெள்ளி விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "தொண்ணூறுகள்ல ஒரு வெள்ளைக்கார டீச்சரை நம்பினேன். ஆண்டு விழா அன்னைக்குச் சொல்லாம கொள்ளாம ஓடிட்டாங்க. அவங்களுக்கு நம்ம ஊரு ஒரு பிக்னிக்." புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு உங்கள் அறையில் அந்த டீச்சர் ரூத்துக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.

சிரித்த அந்த இளம் ஆசிரியர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. காலமெல்லாம் கிராமர் நடத்தி ஓய்வு பெற்றவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

1. ஷோகேஸ்

ரூத் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவர். முப்பதை நெருங்கும் வயது. மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டு மாடியில் குடியிருந்தார். பாண்டி பஜார் பக்கம் இருந்த எங்கள் நிலையத்தில் டைரக்டர் அவருக்குப் போட்ட நாற்காலி ரிசப்ஷனில், கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே இருந்தது. ரோட்டில் போகிறவன் வெள்ளை முகத்தைப் பார்த்து உள்ளே வர வேண்டும், அட்மிஷன் போட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

மாலையில் நான் கிராமர் நடத்திய ஒரு பேட்ச்சுக்கே அவருக்குப் பேச்சு வகுப்பு கொடுத்தார்கள். அந்த பேட்ச் வாயே திறக்கவில்லை. "குட் ஈவினிங் மிஸ்" என்று எழுந்து நிற்பார்கள், உட்காருவார்கள், அதோடு சரி. கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பார்கள். ஆனால் வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது ஒவ்வொருவரும் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "மிஸ், ஒன் டே யூ மஸ்ட் கம் டு அவர் ஹவுஸ்."

2. வந்தே விட்டார்

நம் ஊரில் அது மரியாதைக்குச் சொல்வது. கேட்டவர் "கண்டிப்பா வரேன்" என்பார், போக மாட்டார். இரண்டு பேருக்கும் அது தெரியும். ரூத்துக்குத் தெரியவில்லை. அவர் போனார்.

பேட்ச்சில் ஒரு பேங்க் கிளார்க் இருந்தார். மயிலாப்பூர்க்காரர். திங்கட்கிழமை என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"சார், நெஜமாவே வந்துட்டா சார்! நான் தலையில எண்ணெய், இடுப்புல துண்டு. கதவைத் தொறந்தா வாசல்ல நிக்கறா!"

"அப்புறம்?"

"அம்மாவோட உக்காந்துண்டு வாழைப்பூ ஆய்ஞ்சா. சாப்பிட்டா. அம்மா அடுத்த ஞாயித்துக்கிழமையும் ஆத்துக்கு வரச் சொல்லிட்டா."

நான் ரூத்திடம் எடுத்துச் சொன்னேன். அது உபசார வார்த்தை, எல்லாவற்றையும் நம்பாதீர்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "என் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரின் கூடத்தை நான் பார்த்ததே இல்லை. இங்கே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாகூட வீட்டுக்கு வா என்கிறார். பாதிப் பேர் சும்மா சொல்லலாம். எந்தப் பாதி என்று போய்ப் பார்த்தால்தானே தெரியும்?"

அவர் அசோக் நகர் போனார், கொட்டிவாக்கம் போனார். அழைத்த வீட்டு வாசலையெல்லாம் மிதித்தார். யாரும் சும்மா அழைத்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

3. ஏழுமலை வீட்டில்

ஏழுமலை தேனாம்பேட்டையில் ஒரு ஹோட்டலில் லிஃப்ட் ஓட்டியவர். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் வீடு. பேட்ச்சில் அவரைப்போல ஊமை யாருமில்லை. என்ன தைரியமோ, அவரும் ஒருநாள் ரூத்தை அழைத்துவிட்டார். துணைக்கு நானும் போனேன்.

போன கொஞ்ச நேரத்தில் தெருவே வாசலில் கூடிவிட்டது.

"ஏயுமல, அந்தம்மாவுக்கு எத்தினி கொயந்தன்னு கேளு."

ஏழுமலை திணறி, வியர்த்து, ஆங்கிலத்தில் கேட்டார். ரூத் பதில் சொன்னார்.

"கல்யாணமே ஆவலியாம்."

"ஏனாம்? கேளு!"

"யக்கா, அதெல்லாம் கேக்கக் கூடாதுக்கா."

"இன்னா கேக்கக் கூடாது? இத்தினி நாளு பட்சியே, இதுகூட கேக்கத் தெர்ல, நீ இன்னா பட்ச?"

கேட்டார். அதையும் கேட்டார். இங்கிலாந்தில் மீன் என்ன விலை, பனி விழுந்தால் துணி எப்படிக் காயும், ராணி அம்மா சமைப்பாரா என்று தெரு கேட்டதையெல்லாம் கேட்டார். என் வகுப்பில் ஒரு வாக்கியம் முடிக்காத மனிதர் மூச்சு விடாமல் ஆங்கிலம் பேசினார். வந்த விருந்தாளி பேச ஆளில்லாமல் உட்காரக் கூடாது என்று பேசினார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இத்தனை வருஷம் கரும்பலகையில் நான் என்ன கிழித்தேன் என்று என்மீதே கோபம் வந்தது.

கயிற்றுக் கட்டிலில் ஏழுமலையின் அப்பா படுத்திருந்தார். நெஞ்சுச் சளி, பேசினால் மூச்சு வாங்கியது. நாங்கள் கிளம்பும்போது மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தம்மா தனியா கீது நைனா. நம்மூட்டாண்ட வந்து துன்ட்டுப் போவச் சொல்லு." ரூத் அதற்குப் பிறகு வாராவாரம் அங்கே சாப்பிடப் போனார்.

டைரக்டருக்கு விஷயம் போயிற்று. என்னைக் கூப்பிட்டார். "ஷோகேஸ்ல வைக்கிற பொருளை யாராவது சேத்துல எடுத்துட்டுப் போவாங்களா சார்? நீங்களும் கூடப் போறீங்களாமே? நிலையத்துக்குன்னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கில்ல?" விசா நீட்டிப்புக்கு நிலையத்தின் கடிதம் வேண்டும். அதை ரூத்துக்கு நினைவூட்டச் சொன்னார். நினைவூட்டினேன். அவர் போவதை நிறுத்தவில்லை.

4. ஆண்டு விழா

விழா மாலை ஆறு மணிக்கு. ரூத்தின் வரவேற்புரைதான் நிகழ்ச்சியின் கவர்ச்சி. மாமி கட்டிவிட்ட பட்டுப்புடவையில் மதியமே வந்துவிட்டார். அப்போது ஏழுமலையின் பக்கத்து வீட்டுக்காரர் பூத்திலிருந்து போன் செய்தார். அப்பா காலையில் போய்விட்டார், சாயங்காலம் எடுக்கிறார்கள், ஏழுமலை விழாவுக்கு வர மாட்டார், சொல்லிவிடுங்கள் என்றார்.

ரூத் என்னிடம் கேட்டார்: "என்னை அழைத்தார்களா?"

"சாவுக்கு யாரும் அழைக்க மாட்டாங்க. தெரிஞ்சா போகணும்."

அவர் நேராக டைரக்டர் அறைக்குப் போனார். நானும் போனேன். நடந்ததைச் சொல்லி, போய்விட்டு முடிந்தால் விழாவுக்குத் திரும்பி வருகிறேன் என்று அனுமதி கேட்டார். தெளிவாக, மரியாதையாகக் கேட்டார். டைரக்டர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "லிஃப்ட்காரன் அப்பனுக்காக சீஃப் கெஸ்ட்டைக் காக்க வைக்கணுமா? போனா அப்படியே ஊருக்குப் போகச் சொல்லுங்க. லெட்டர் கிடையாது."

நான் மொழிபெயர்க்கவில்லை. ரூத்துக்கு அதற்குள் அவ்வளவு தமிழ் புரியும். "சரி சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வெளியே வந்தார். புடவை மாற்ற நேரமில்லை. ஆட்டோ பிடித்தோம்.

அங்கே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஆண்களோடு ஓரமாக நின்றேன். ரூத் செருப்பைக் கழற்றிவிட்டு, தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த பெண்களிடம் போனார். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். இன்னொருத்தி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடர்ந்தாள். அந்த ஒப்பாரியில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரிந்திருக்காது. பட்டுப்புடவை ஈரத் தரையில் ஊற ரூத்தும் அழுதார். வெள்ளைக்காரி வந்திருக்கிறாள் என்று ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. நான் பிறந்து வளர்ந்த ஊர், நான் ஓரமாக நிற்கிறேன். அவர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

ஏழுமலை வந்தார். "மிஸ்ஸு, இன்னிக்கு ஃபங்ஷனாச்சே?"

"உங்க அப்பா என்னைச் சாப்பிட வரச் சொன்னாரு" என்றார் ரூத்.

உடலை எடுத்துப் போனபோது தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட்டார்கள், ரூத்தும் நின்றார். நாங்கள் மயிலாப்பூர் திரும்பினோம். இனி நிலையத்துக்குப் போய் ஆவது ஒன்றுமில்லை. இந்தக் கோலத்தில் மாமி என்ன சொல்வாரோ என்றுதான் எனக்குக் கவலை. வாசலிலேயே விஷயத்தைச் சொன்னேன்.

"சாவாத்துலேருந்தா வரே? அங்கேயே நில்லு! உள்ள வராதே. பின்பக்கமா வா, தலைக்கு ஊத்திக்கோ" என்றார் மாமி.

"மாமி, அவங்க வெளிநாட்டுக்காரங்க..." என்று ஆரம்பித்தேன்.

"இருந்தா? எங்காத்துல இருக்கறவ தானே?" வெந்நீர் அண்டாவைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ரூத்தின் நாற்காலி கண்ணாடிக் கதவுக்கு எதிரே இல்லை. கடிதம் வரவில்லை. விசா முடிகிற வரை ரூத் நம் ஊரில்தான் இருந்தார். காரியத்தன்று ஏழுமலை வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதன் பிறகே விமானம் ஏறினார்.

இளம் ஆசிரியர்களே, நான் கற்ற பாடம் இது: ஒருவனைப் பேச வைக்க வேண்டுமென்றால் அவன் வீட்டில் போய் உட்காருங்கள். அவன் உங்களை உபசரிக்கட்டும். மொழி தானாக வரும்.

டைரக்டர் சார், உங்களுக்குப் பாடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு கேள்வி மட்டும். ரூத் உங்கள் மேசை முன் நின்று அனுமதி கேட்டாரா, இல்லையா? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். எந்த மைக்கில் ஓடிப்போனார் என்றீர்களோ, அதே மைக்கில், சிரித்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்.