நான் எண்ணிய புளியங்கொட்டைகள்

என் கணவரின் மடியில் கிதார் இருக்கும். எதிரே முக்காலியின் மேல் தாளக்கருவி ஆடிக்கொண்டிருக்கும். நான் தரையில் புளியங்கொட்டைகளோடு உட்கார்ந்திருப்பேன். அஸ்தம்பட்டி வாடகை வீட்டில் எங்கள் மாலைகள் இப்படித்தான் போயின. அவருக்கு நூல் மண்டியில் வேலை. ஊரை விட்டுப் போன ரயில் டிரைவர் ஒருவரிடம் கிதாரையும், சாவி கொடுத்தால் நாம் வைத்த வேகத்தில் 'டக் டக்' என்று தட்டும் அந்தக் கருவியையும் வாங்கியிருந்தார்.

படக் கம்பெனி ஒன்றின் வாத்தியக் குழுவில் அப்போது ஓர் இடம் காலியாக இருந்தது. குழுத் தலைவர் இவருக்கு ஒரு மெட்டைக் கொடுத்து, நிமிஷத்துக்கு நூற்றிருபது தட்டில் பிசிறில்லாமல் வாசிக்க முடிந்தால் தை மாதம் வரச் சொல்லியிருந்தார். இவர் அறுபதில் தொடங்கினார். ஒரு வேகத்தில் தொடர்ந்து ஐந்து முறை தப்பில்லாமல் வந்தால்தான் அடுத்த வேகம். சுத்தமாக வந்த ஒவ்வொரு முறைக்கும் நான் ஒரு கொட்டை வைக்க வேண்டும். ஒரு தப்பு வந்தாலும் எல்லாவற்றையும் அள்ளிவிட வேண்டும். "வாசிக்கறவனுக்குத் தன் தப்பு கேக்காது புள்ள. நீதான் சொல்லோணும்" என்பார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அறுபதிலிருந்தே கேட்டு வந்ததால் அந்த மெட்டு முழுக்க மனப்பாடம். நூற்று நான்குக்கு வந்தபோது, இடது கை கீழே இறங்கும் இடத்தில் ஒரு ஸ்வரம் ஒலிக்காமல் விழுந்துபோனது. கொட்டைகளை அள்ளினேன். மறுநாளும் அள்ளினேன். ஒன்பது நாள் அள்ளினேன். விரல்நுனிகள் வெடித்து, கம்பியில் ரத்தம் ஒட்டியிருந்தது. பத்தாம் நாள் ஐந்தாவது முறை வாசித்துவிட்டு, "சுத்தமா வந்துச்சா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வந்துச்சுங்க" என்று கொட்டையை வைத்தேன்.

அதன்பின் நூற்றிருபது வரை அதே பொய்யைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகம் மலர மலர நான் கொட்டைகளை வைத்துக்கொண்டே போனேன்.

தை மாதம் போனவர் மத்தியானமே திரும்பிவிட்டார். வேகம் இருக்கிறது, சுத்தம் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். எங்கே தப்பு என்று கேட்க இவருக்குக் கூச்சம். "ஊட்டுல நல்லாத்தானே வந்துச்சு? நீ கேட்டியல்ல?" என்றார். "ஆமாங்க" என்றேன். அன்றாவது சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் கிதாரைத் தொடவில்லை. யுத்தம் வந்து மண்டி மூடியதும் பட்டாளத்தில் சேர்ந்தார். "வாரேன் புள்ள" என்று சேலம் ஜங்ஷனில் வண்டி ஏறினார்.

மலேயாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முகாமில் யாரிடமோ கிதார் இருந்ததாம். காலால் தாளம் தட்டி, மெதுவாகத் தொடங்கி மறுபடி அந்த மெட்டை வாசித்திருக்கிறார். 'கை இறங்கும் இடத்தில் ஒன்று விழுகிறது. எனக்கு இப்போதுதான் கேட்கிறது. உனக்கு அன்றைக்கே கேட்டிருக்கும். ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கோபமில்லை. நான் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதைச் சொல்' என்று எழுதியிருந்தார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு நான்கு பக்கம் பதில் எழுதினேன். அது போய்ச் சேருமுன் அங்கே ஜப்பான் படை இறங்கிவிட்டது. பல மாதங்கள் கழித்து என் கடிதம் மட்டும், பிரிக்கப்படாமல், அஸ்தம்பட்டி வீட்டுக்கே திரும்பி வந்தது.