ரிபெகா வாங்கிய துப்பாக்கி

ஏப்ரல் நெருங்கினால் நெவில் தன் வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவான். ராயெட்டிஹி என்ற அந்த மலையடி ஊரில் மற்றவர்கள் அப்போதுதான் ஜன்னலைத் திறந்துவைத்து மலைப்பக்கம் காதைக் கொடுப்பார்கள். ஆண்மான்கள் துணை தேடி உறுமும் காலம் அது. ஊரில் பாதிப் பேர் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் துப்பாக்கியோடு காட்டில் கிடப்பார்கள். நெவிலோ கம்பளி மூட்டை கட்டும் கொட்டகையில் ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு நிற்பான். அப்படியும் அவனுக்குக் கேட்கும். நீளமாக ஓர் உறுமல், அதன் வாலில் சின்னதாக ஓர் இருமல்.

மானுக்கு ஏது அந்த இருமல்? அது ராவிரியின் இருமல். புகைத்துப் புகைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன் அவன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நண்பர்கள் இருவரும் ஒன்றாகத்தான் காட்டுக்குப் போனார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் நெவிலுக்கு, அந்தப் பக்கம் ராவிரிக்கு என்று பேசிவைத்துப் பிரிந்தார்கள். பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து மான் மாதிரியே உறுமுவது இங்கே வழக்கம். எவனோ போட்டிக்கு வந்துவிட்டான் என்று நிஜ மான் கோபத்தோடு பதில் கொடுத்துக்கொண்டே கிட்டே வரும். நெவில் உறுமினான், பதில் வந்தது. மறுபடி உறுமினான், பதில் இன்னும் பக்கத்தில் வந்தது. அந்தப் பக்கம் ராவிரிக்கும் அதே கதைதான். ஒருவனை ஒருவன் பெரிய மான் என்று நம்பி, மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆசையில் ராவிரி ஓடையைத் தாண்டிவிட்டான். நெவில் சுட்டான். பாவி, ஓடிப்போய்ப் பார்த்த பிறகுதான் யாரைச் சுட்டோம் என்று தெரிந்தது அவனுக்கு.

கோர்ட்டு தண்டனை கொடுத்தது, அதையும் அனுபவித்தாயிற்று. ஊர் திட்டித் தீர்த்தது, அதுவும் ஓய்ந்தது. ராவிரியின் மனைவி ரிபெகா மட்டும் வாயே திறக்கவில்லை. கடையில் எதிரே வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். 'அன்னைக்கு நீ என்னத்தப் பாத்து சுட்ட?' என்று என்றைக்காவது கேட்பாள், அன்றைக்கே தன் கதை முடிந்தது என்று நெவில் பயந்துகொண்டே இருந்தான். வக்கீல் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் கோர்ட்டில் சொல்லியிருந்தான். மீதியை எவரிடமும் சொல்லவில்லை.

இந்த மார்ச் கடைசியில் ஒரு நாள் ரிபெகா நேராகக் கொட்டகைக்கே வந்து ரேடியோவை அணைத்தாள்.

"துப்பாக்கி வாங்கப் போறேன். நீ கூட வா."

நெவில் கையிலிருந்த கம்பளியைக் கீழே போட்டான். "நானா? என்னையா கூப்பிடுற?"

"லைசென்ஸ் எடுத்துட்டேன். என் கொழுந்தனுங்க ஆளுக்கொரு மான் தொடையக் கொண்டாந்து போட்டுட்டு, ஏதோ பிச்சை போட்ட மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறானுங்க. என் வீட்டுக் கறிய நானே அடிச்சுக்கறேன்."

"அவனுங்களையே கூட்டிட்டுப் போயேன், ரிபெகா. நான் துப்பாக்கியத் தொட்டு ஒன்பது வருஷம் ஆச்சு."

"எது நல்ல துப்பாக்கின்னு சொல்ல ஊர் பூரா ஆள் இருக்கு. எது கெடுக்கும்னு உனக்குத்தான் தெரியும். சட்டைய மாத்திட்டு வா, நாறுது."

வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் அவன் நகர்ந்திருக்க மாட்டான். கூப்பிட்டவள் அவளாயிற்றே.

கடைக்காரன் ஆர்ச்சி வாயாடி. அவனே நெவிலைக் கண்டதும் கையிலிருந்த டீயை மேஜையில் சிந்திவிட்டான். அப்புறம் சுதாரித்துக்கொண்டு ரிபெகாவின் பக்கம் திரும்பினான்.

"வாங்கக்கா. எவ்வளவுல பாக்கறீங்க?"

"ரொம்ப ஒசத்தியும் வேணாம், ரொம்ப மட்டமும் வேணாம். ஒரு மாட்டுக்கன்னு வித்த காசு இருக்கு. அதுக்குள்ள முடி."

ஆர்ச்சி முதலில் வால்நட் மரக்கட்டை வைத்த ஒரு துப்பாக்கியை எடுத்தான். மெருகு மினுமினுத்தது. ரிபெகா நெவிலைப் பார்த்தாள்.

"அழகுக்குத் தனியா காசு வாங்குவான்," என்றான் நெவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "நம்ம மழைக்கு மரம் ஊறி உப்பிடும். பிளாஸ்டிக் கட்டை, துரு ஏறாத குழல், அது போதும். குழல் குட்டையா இருக்கணும். நீளமா இருந்தா புதர்ல மாட்டி உயிர வாங்கும்."

"ஆகா, வாயத் தொறந்துட்டாருய்யா," என்று முனகிக்கொண்டே ஆர்ச்சி சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தான். பார்க்க லட்சணமே இல்லை.

நெவில் அதைத் தொடவில்லை. ரிபெகாவையே தோளில் வைக்கச் சொன்னான். தூக்கும்போது கன்னம் தானாகக் கட்டையில் போய்ப் படிகிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்த்தான். கன்னத்தை எடுக்காமலே, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைத் தூக்கி இழுத்துத் தள்ளச் சொன்னான். தட்டாமல் ஓடியது. விசைக்கு முன்னால் இருக்கும் பூட்டை விரலால் நகர்த்தச் சொன்னான். எப்போது பூட்டியிருக்கிறது, எப்போது திறந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லச் சொன்னான். அவள் தப்பில்லாமல் சொன்னாள்.

"இது போதும். முந்நூத்தியெட்டு ரகத் தோட்டா எந்தக் கடையிலயும் கிடைக்கும். தோளையும் ரொம்ப இடிக்காது."

"துப்பாக்கியில மிச்சம் புடிச்சாச்சு," என்று ஆர்ச்சி உற்சாகமானான். "அந்தக் காச மேல மாட்டுற ஸ்கோப்புல போடுங்கக்கா. இதப் பாருங்க, அடுத்த மலையில மான் கண்ணு சிமிட்டுறது வரைக்கும் தெரியும்."

"வேணாம்." நெவிலின் குரல் திடீரென்று உயர்ந்தது. "அது வேணாம். சின்ன ஸ்கோப் போதும். மிச்சத்துக்கு பைனாகுலர் வாங்கு."

"ஏன்யா? எல்லாரும் இதத்தான்..."

"ஸ்கோப்ல எதப் பாத்தாலும் குழல் அத நோக்கித்தான் நிக்கும்! முதல்ல பைனாகுலர் கண்ணாடியில பாக்கணும். என்னன்னு தெரிஞ்ச பொறவுதான் துப்பாக்கியத் தூக்கணும். பெரிய ஸ்கோப்ல புதர் மொத்தமும் கிட்ட வந்து நிக்கும், முழுசா எதுவும் தெரியாது. பழுப்பா ஒரு துண்டு தெரியும், கிளை ஒண்ணு தெரியும். மனசு கொம்பு வேணும்னு துடிச்சிட்டு இருந்தா அந்தக் கிளைதான் கொம்பு."

ரிபெகா துப்பாக்கியை மெல்ல மேஜைமேல் வைத்தாள்.

"உன்கிட்டதான் நல்ல பைனாகுலர் இருந்துச்சே, நெவில்."

"வித்துட்டேன். அந்த வருஷம்தான். ஸ்கோப்புக்குக் காசு பத்தல." அவன் தரையைப் பார்த்தான். "ராவிரிக்குத்தான் வித்தேன்."

"தெரியும்," என்றாள் ரிபெகா. "ஆர்ச்சி, சின்ன ஸ்கோப்பையே மாட்டு. பைனாகுலர் வேணாம், வீட்டுல இருக்கு."

திரும்பும் வழியில் வண்டியை அவள்தான் ஓட்டினாள். துப்பாக்கி பின்னால் உறையில் கிடந்தது. போல்ட்டைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டிருந்தாள். பார்வையைச் சாலையை விட்டு எடுக்காமல் கேட்டாள்.

"அன்னைக்கு இருமல் கேட்டுச்சா?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. சீ, இவளிடமா?

"கேட்டுச்சு. கிழட்டு மான், தொண்டை கட்டியிருக்குன்னு நெனச்சேன். அவனோட இருமல என்னைவிட யாரு அதிகமா கேட்டிருப்பா? ஆனா மானுன்னே முடிவு பண்ணிட்டேன், ரிபெகா. அப்புறம் எல்லாமே மானாத்தான் தெரிஞ்சுது."

அவள் ஊருக்குள் திரும்பாமல், தன் நிலத்தின் கடைசியில் காடு தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினாள். முன்னால் கையளவுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். அதைத் தாண்டி மானுக்கா என்ற காட்டுச்செடி ஆளுயரம் புதராக மண்டிக் கிடந்தது. இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பழைய கம்பளிக் காலுறையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். நெவில் பிரித்துப் பார்த்தான். ஒரு பக்க ரப்பர் தேய்ந்த அவனுடைய பழைய பைனாகுலர்.

"அவர் கழுத்துல கெடந்தது. நல்லா கழுவியாச்சு. நான் உள்ள போறேன். நீ பாத்து, யாருன்னு சொல்லு."

"என்ன வெளையாட்டு இது? ரிபெகா, நில்லு!"

அவள் பழுப்பு ஸ்வெட்டரோடு வாய்க்காலைத் தாண்டிப் புதருக்குள் மறைந்துவிட்டாள். பறவைச் சத்தம்கூட நின்றது. பிறகு உள்ளேயிருந்து எழும்பியது அந்த உறுமல். ராவிரி வீட்டு முற்றத்தில் உறுமிப் பழகும்போது பக்கத்தில் நின்று கேட்டவள் அல்லவா அவள்? கடைசியில் இருமலும் வந்தது. நெவில் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான்.

கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தான். இலை. கிளை. பழுப்பாக ஒரு துண்டு. ஐயோ, மறுபடியும் அதேதான். கிளை கொம்பாக மாறப் பார்த்தது. விடாமல் இன்னும் பார்த்தான். துண்டு தோளாயிற்று. தோளுக்கு மேலே நரைத்த முடி, பச்சைக்கல் தொங்கும் காது, நனைந்த கன்னம்.

"ரிபெகா!"

"கேக்கல!"

"ரிபெகா! நீதான்! ரிபெகா!" பைத்தியக்காரன்போல் கத்திக்கொண்டே இருந்தான். அவள் வெளியே வந்து அவன் கையைப் பிடித்து இறக்கும்வரை நிறுத்தவில்லை.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத," என்றாள் மூச்சு வாங்க. "அடுத்த வாரம் காட்டுக்குப் போறேன். துப்பாக்கி என்கிட்ட, கண்ணாடி உன்கிட்ட. நீ பாத்துச் சொல்லாம நான் விசையில விரல் வெக்க மாட்டேன்."

அப்போது மலைச்சரிவிலிருந்து ஓர் உறுமல் கேட்டது. தூரத்தில், நீளமாக. மானாக இருக்கலாம். எவனாவது குழாயோடு உட்கார்ந்திருக்கலாம். நெவிலின் காதில் அதன் வாலிலும் இருமல் இருந்தது. அவளுக்கும் கேட்டதோ என்னவோ, அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பாரு. என்ன அது?"

அவன் பார்த்தான். கை கடுக்கும்வரை சரிவு முழுக்கத் தேடினான். மரங்கள்தான் நின்றன.

"தெரியல, ரிபெகா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். என்னன்னு தெரியல."

அவள் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "அன்னைக்கு இந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாதாடா?"