செலின் வீட்டுச் சிவப்பரிசி

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. பின்னணியில் பச்சை வயல், ஓரத்தில் சூசையப்பர் படம், நடுவில் கொட்டை எழுத்தில் ‘கோடை விழா’. வலங்கைமான் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தேர் பவனிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆற்று மணலில் கூடுகிறார்களாம். வாலிபால் உண்டு, உறியடி உண்டு, சாப்பாட்டுக் கடைகள் உண்டு. குடும்பத்துடன் வருக.

கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். போகப் போவதில்லை.

ஏன்? சொல்கிறேன். இந்த வாரம் கொஞ்சம் கனமான விஷயம். சிரிக்கலாம் என்று பக்கத்தைத் திருப்பியவர்கள் மன்னிக்கவும்.

சென்ற கோடையில் போயிருந்தேன். அழைத்தவன் அருள்தாஸ். கும்பகோணத்தில் என்னோடு கெமிஸ்ட்ரி படித்தவன். படித்த படிப்பை உருப்படியாகப் பயன்படுத்தியவன் எங்கள் வகுப்பிலேயே அவன் ஒருவன்தான். பெங்களூரில் பீர் காய்ச்சுகிறான்.

பெரிய கம்பெனி பீர் இல்லை. கிராஃப்ட் பீர் என்கிறார்கள். கடைக்குள்ளேயே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பெரிய பெரிய அண்டாக்கள். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுவார்கள். மாம்பழ பீர், காபி பீர், புளி போட்ட பீர்கூட உண்டாம். ஐ.டி. பிள்ளைகள் வாரக்கடைசியில் வரிசையில் நிற்கிறார்கள். அருள்தாஸ் அங்கே தலைமைக் காய்ச்சுநர். நாம் சமையல்காரர் என்போம். அவர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், சம்பளமும் வேறு.

தாராளமயம் வந்து நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வோமே... டெல்டாவைப் பொறுத்தவரை அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்களைவிட வெளியே போனவர்கள்தான் அதிகம். அருள் ஊரிலும் அப்படித்தான். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், துபாய், திருப்பூர், பெங்களூர். எல்லோரும் வருவது மே மாதத் திருவிழாவுக்கு மட்டும். அப்போது குடமுருட்டியில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆட்கள் வரும்போது ஆற்றில் தண்ணீர் இல்லை. தண்ணீர் வரும்போது ஊரில் ஆட்கள் இல்லை!

கும்பகோணம் ஸ்டேஷனிலிருந்து அருள்தான் காரில் அழைத்துப் போனான். பின்சீட்டில் பூஜா என்றொரு பெண். அவனுடைய கம்பெனியில் விளம்பர வேலை பார்க்கிறவள். கன்னடக்காரி. பெங்களூர்த் தமிழ் பேசுவாள். அப்போது காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். டிக்கியில் போர்வை போட்டு மூடிய ஒரு ஸ்டீல் பீப்பாய்.

“ஊருக்குள்ள இது யாருக்கும் தெரியாது. மோட்டார் கொட்டகையோட சரி” என்றான்.

“ராத்தங்கல் எங்கே?”

“அண்ணி வீட்டுல. நீயும் பூஜாவும் அங்க. நான் சித்தப்பா வீட்டுல படுத்துக்குவேன்.”

அண்ணி என்றால் செலின். அருளின் அண்ணன் சூசைராஜின் மனைவி. சூசைராஜ் துபாயில் சில வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். குடித்தார். கல்லீரல் போய், நாற்பத்தைந்தைத் தாண்டாமலே செத்துப்போனார். செலினுக்கு மிஞ்சியது கொஞ்சம் நிலமும் ரீட்டா என்ற மகளும்.

“அண்ணன் செத்தப்ப நான் பணம் கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கமாட்டேன்னுட்டாங்க” என்றான் அருள். “குடிக்க வச்சு வந்த காசு இந்த வீட்டுப் படியேறக் கூடாது தம்பின்னு மொகத்துக்கு நேராவே சொன்னாங்க.”

“பிறகு எப்படிச் சமாளிக்கிறாங்க? மகள் நர்சிங் படிக்கிறதா சொன்னியே?”

“நெல்லுல ஓடுது” என்றான், ரோட்டைப் பார்த்தபடியே.

செலினைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஒல்லியான, வேகமான பெண். நாங்கள் கைகால் கழுவி வருவதற்குள் டீ, அதோடு ஒரு தட்டு சிவப்பரிசிப் புட்டு. வாசலில் நெல் மூட்டைகள். ஆள் கூலி ஏறியதை, நடவுக்கு ஆள் கிடைக்காததை, வரப்பில் மயில் படுத்தும் பாட்டை எல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“மாப்பிள்ளைச் சம்பா அக்கா இது. ஆளு ஒசரம் வளரும், காத்தடிச்சா சாஞ்சிரும். யாரும் போடறதில்ல. நான் மூணு வருசமா போடுறேன். கும்பகோணத்துல ஒரு ஏவாரி நல்ல வெலைக்கு எடுத்துக்கறாரு. பெங்களூருக்குப் போவுதாம். சுகர் இருக்கறவங்களுக்கு மருந்து மாதிரின்னு வாங்குறாங்களாம்.” புட்டைத் தள்ளி வைத்தாள். “நம்ம வயலு அரிசி நாலு பேருக்கு மருந்தா போவுதுன்னா சந்தோசம்தானே அக்கா?”

பெங்களூர் என்றதும் எனக்குள் ஏதோ இடறியது. அருளிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. விழாவுக்கு மைக் கட்டுவது, பந்தல் போடுவது என்று அவன் ஓடிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் ஆற்று மணல் ஜே ஜே என்றிருந்தது. ஒரு பக்கம் வாலிபால். ஒரு பக்கம் பெண்களுக்கு மியூசிக்கல் சேர்... சிங்கப்பூர் மருமகள்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். பாட்டுப் பெட்டி அலறியது. கரையில் மோட்டார் கொட்டகைப் பக்கம் ஆண்கள் ஒவ்வொருவராக ‘சும்மா’ போய்விட்டு, மணல் கொஞ்சம் மெத்தென்று ஆனதுபோல் நடந்து வந்தார்கள். ஊருக்குத் தெரியாத ரகசியம்! பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாததுபோல் இருப்பது அங்கே ஒரு மரியாதை.

செலின் புட்டுக் கடை போட்டிருந்தாள். நான் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சூடான புட்டு, தேங்காய்ப்பூ, நாட்டுச் சர்க்கரை. நல்ல கூட்டம்.

பூஜா வந்தாள். ஒரு கையில் போன். இன்னொரு கையில் பேப்பர் கப். மதியம் முழுக்க வயல்களைப் படம் பிடித்துவிட்டு வந்த களைப்பும் சந்தோஷமும் அவள் முகத்தில்.

“அக்கா, உங்க கையைக் குடுங்க” என்றாள் செலினிடம். “கேமரா முன்னாடி ஒரு தேங்க்ஸ் சொல்லணும். நீங்க இல்லேன்னா எங்க பீரே இல்ல!”

செலினுக்குப் புரியவில்லை. சிரித்தாள். “என்னம்மா சொல்றே?”

“உங்க ரைஸ்தான் அக்கா. மாப்பிள்ளைச் சம்பா. ‘குடமுருட்டி ரெட்’னு பேரு வச்சிருக்கோம். கலர் பாருங்களேன்...” கப்பை நீட்டினாள். உள்ளே செம்பு நிறத்தில், நுரையோடு. “எங்க கடையில இதுதான் நம்பர் ஒன். சனிக்கிழமை ஆனா காலி!”

அவளைக் குறை சொல்ல முடியாது. நெஞ்சாரப் பாராட்டத்தான் வந்தாள். இந்தப் பேச்சை எடுக்காதே என்று அருள் அவளிடம் சொல்லி வைத்திருக்கலாம். சொல்லவில்லை. தன் குடும்பக் கதையைச் சின்னப் பெண்ணிடம் சொல்ல வெட்கமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னான்.

செலின் அந்தக் கப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள். “யாரு காச்சறது? தம்பியா?”

“ஆமாக்கா, அருள் சார்தான்.”

“நல்லாருக்குன்னு சொல்றாங்களா?”

“சூப்பர்னு சொல்றாங்க.”

செலின் தலையை ஆட்டினாள். தட்டில் புட்டு வைத்து, தேங்காய் போட்டு, சர்க்கரை தூவி பூஜாவிடம் கொடுத்தாள். “சாப்பிடும்மா. ஆறிடும்.” பிறகு பானையை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கரையேறிப் போய்விட்டாள். வரிசையில் நின்றவர்கள் புட்டு தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கலைந்தார்கள்.

நான் பின்னாலேயே போனேன். யார் சொல்லித் தெரிந்ததோ, எனக்குப் பின்னால் அருள் ஓடி வந்தான். செலின் தன் வீட்டு வாசலில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“அண்ணி...”

“ஏவாரி உங்க ஆளா தம்பி?”

அருள் தலையசைத்தான்.

“நான் என்ன பண்றது அண்ணி? நேரா குடுத்தா வாங்கமாட்டேங்கிறீங்க. ரீட்டா படிப்பு நிக்கறத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? முதல் வருஷம் வாங்கின அரிசியை சத்தியமா என்ன பண்றதுன்னே தெரியல. வீட்டுல மூட்டை மூட்டையா கெடந்துது. சும்மா ஒருநாள் போட்டுப் பாத்தேன்... அது பிடிச்சுக்கிச்சு.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பீங்க.”

“மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல விட்டிருக்கலாம்ல?”

ஆற்றுப் பக்கமிருந்து மைக்கில் யாரோ உறியடிக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செலின் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது.

“உங்க அண்ணன் மொதமொதல்ல குடிச்சது எங்கேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? இதே திருவிழா. துபாய்லேர்ந்து வந்த புதுசு. வெயிலுக்குக் குளிர்ச்சிண்ணேன்னு நீங்கதான் ஒரு பீர் பாட்டிலைக் கொண்டாந்து கையில குடுத்தீங்க. நான் இதுவரைக்கும் உங்களை ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவரு குடிச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்கன்னு விட்டுட்டேன். ஆனா மூணு வருசமா என் கையாலயே வெதைக்க வச்சிட்டீங்களே தம்பி...”

அருள் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். பெங்களூரில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வெள்ளை கோட் போட்டு நிற்கிறவன். சின்னப் பையன்போல் அழுதான். செலின் அழவில்லை. உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

மறுநாள் தேர் பவனி. அருள் சப்பரத்துக்குத் தோள் கொடுத்தான். செலின் மெழுகுவர்த்தியோடு பெண்கள் வரிசையில் நடந்தாள். இருவரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கிளம்பும்போது செலின் என் பையில் புட்டு மாவு கட்டி வைத்தாள். “இது உங்களுக்குன்னு இடிச்சது அக்கா. மனசுல எதுவும் வச்சுக்காதீங்க.” நான் என்ன வைத்துக்கொள்ள? வைத்துக்கொள்ள வேண்டியதெல்லாம் அவளிடம் அல்லவா இருந்தது!

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அருள் எத்தனையோ முறை போன் செய்தான். பீருக்கு வேண்டாம், அரிசியாகவே விற்றுத் தருகிறேன் என்றான். செலின் நம்பவில்லை. ரீட்டாவே திருச்சி ஹாஸ்டலிலிருந்து, “பேசாம குடுத்துடும்மா, இன்னும் ஒரு வருஷம்தானே” என்று கெஞ்சிப் பார்த்தாள். பலிக்கவில்லை. அந்த ஆடியில் செலின் விதை விடவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். பனியன் கம்பெனியில் தையல். குத்தகைக்காரர் குட்டை ரக நெல் போட்டிருக்கிறார். ரீட்டா படிப்பைத் தொடர்கிறாள். அம்மாவின் திருப்பூர் சம்பளத்தில்.

எல்லோரும் ஊரைவிட்டுப் போனபோது போகாமல் நின்றவள் செலின். அவளை அனுப்பி வைத்தது பஞ்சமில்லை, மேட்டூரில் தண்ணீர் குறைந்ததும் இல்லை. அவள்மேல் அக்கறை வைத்த ஒருவன். நல்லது செய்யக் கிளம்புகிற நாம் ஏன் சம்பந்தப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்பதே இல்லை? மறுத்துவிடுவார்கள் என்ற பயம்தானே?

அருளிடம் பேசினேன். வேலையை விடவில்லை. விட முடியாது. வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு. பீர்?

“அது ஓடுது” என்றான். “அரிசி இப்ப ஆந்திராவுலேர்ந்து வருது. அதே பேருதான். யாருக்கும் வித்தியாசம் தெரியல.” பிறகு அவனே சொன்னான், “எனக்குத் தெரியுது.”

அழைப்பிதழ் வந்த அன்று செலினுக்கும் போன் போட்டேன். பின்னால் மிஷின் சத்தம். சாப்பாட்டு நேரமாம்.

“ஊருக்குப் போகலையா செலின்?”

“லீவு இல்லக்கா. இங்கயும் பக்கத்துல கோயில் இருக்கு. ஒண்ணும் கொறையில்ல.”

“வேலை எப்படி?”

“டீ-சர்ட்டுக்குக் கழுத்து வைக்கிறேன். வெளிநாட்டுக்குப் போவுதாம். முன்னால பெரிசா இங்கிலீசுல ஏதோ எழுதியிருக்கு. படிச்சுச் சொல்றேன்னு சூப்பர்வைசர் பொண்ணு சொல்லிச்சு. வேணாம்னுட்டேன்.”