ரெங்காயி கொடுத்த கல்

அது 1928. கிள்ளான் பக்கம் அரசாங்கம் மூடிய மலையில் கூலிகளை மேய்த்த கங்காணி அய்யாக்கண்ணு திருட்டுத்தனமாக வெடி வைக்கச் சொன்னதில் ரெங்காயியின் புருஷன் செத்தான். அய்யாக்கண்ணுவோ, அனுமதியுள்ள பக்கத்து மலையில் அவனே தவறி விழுந்தான் என்று சாதித்தார்.

பிணத்தைக் கழுவும்போது மார்பில் புதைந்திருந்து எடுத்த சிக்கிமுக்கிக் கல்லை, பிரிக்பீல்ட்ஸில் தான் வீட்டுவேலை செய்த நிலவியல் துரையிடம் ரெங்காயி நீட்டினாள்.

"எந்த மலைக் கல்லுன்னு சொல்லுங்க தொரை. அந்தக் கங்காணிய விடமாட்டேன்."

இரு மலைக் கற்களும் பார்வைக்கு ஒன்றுதான். துரை இரண்டு மலைகளிலிருந்தும் கல் எடுத்துவந்து, ரெங்காயியின் கல்லோடு சேர்த்துக் கண்ணாடிபோல் மெலிதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஆதிக்கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் கூடுகள் தெரிந்தன. ரெங்காயியின் கல்லில் இருந்த முள் வைத்த கூடுகள் மூடிய மலையின் அடுக்கில் மட்டுமே இருந்தன.

துரை கோர்ட்டில் சாட்சி சொன்னார். அய்யாக்கண்ணுவுக்குச் சிறை.

"புள்ளகுட்டிக்காரன் தாயி, மன்னிச்சிரு" என்று அவர் கும்பிட்டார்.

"எங்க வீட்டுக்காரரும் புள்ளகுட்டிக்காரருதான். உள்ளயே கெடந்து சாவு."

அவரை ஏற்றிய சிறை லோரி மறையும்வரை பார்த்து நின்றாள். அன்றுதான் அவள் வயிறு குளிர்ந்தது.